வீட்டுக்குள் சலாது வளர்க்கும் பெட்டி: எந்த லைற் சரிவந்தது?

(நல்லூர்)
ஊதா லைற் வாங்கலாமா என்று கேட்டவருக்காக இதை எழுதுகிறேன். ரவுணில் ஒரு எலக்ட்ரிக் கடையில் நான் "செடிக்கு லைற்" என்று வாய் திறந்ததுமே பெடியன் ஊதாவைத்தான் எடுத்து நீட்டினான். "அண்ணை, இது மரக்கறிக்கெண்டே வந்தது." பெட்டியின் முகப்பில் 1000 வாட் என்று கொட்டை எழுத்து. திருப்பிப் பார்த்தால் பின்பக்க ஸ்ரிக்கரில், அது இழுக்கிற மின்சாரம் 100 வாட்டுக்குச் சற்று மேல் என்று பொடி எழுத்தில் கிடந்தது. விலையோ முகப்பில் இருந்த எண்ணுக்கு ஏற்ற விலை. "வெள்ளை ரியூப் காட்டு தம்பி" என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

ஊதாவில் செடி வளராது என்று சொல்ல வரவில்லை. ஊதா லைற் என்பது நீலமும் சிவப்பும் கலந்தது, பச்சை அதில் இல்லை. இலை நீலத்தையும் சிவப்பையும் நன்றாக உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் பச்சை ஒளி வீண் என்பது சரியில்லை. மக்கிறீ என்ற ஆய்வாளர் 1972இலேயே பல பயிர்களை அளந்து, பச்சையும் ஒளிச்சேர்க்கைக்கு உதவுகிறது என்று காட்டிவிட்டார். சாதாரண வெள்ளை எல்.ஈ.டி.க்குள் இருப்பதே நீல ஒளி தரும் சிறு சிப்பும், அந்த நீலத்தில் ஒரு பங்கை மற்ற நிறங்களாக மாற்ற அதன்மேல் பூசிய மஞ்சள் பொஸ்பரும்தான். செடிக்கு வேண்டிய நிறமெல்லாம் அதில் வந்துவிடும். அதைவிட, ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, நுனி கருகுகிறதா என்று கண்ணுக்கே தெரியாது. நோயை மறைக்கிற லைற் எனக்கு எதற்கு?

என் பெட்டி இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம். கீழே றெஜிபோம் பெட்டியில் அல்பேர்ட் கரைசல் (மண்ணில்லாமல் செடி வளர்க்கத் தண்ணீரில் கரைக்கும் உரம்), மூடியில் துளையிட்டு யோகட் கப், அதற்குள் தும்புத்தூள். மேலே இரண்டடி ரியூப் நான்கு, ஒவ்வொன்றும் 9 வாட், 6500 கெல்வின் (நீலம் கலந்த பகல் வெள்ளை). உள்பக்கம் முழுக்க மினுக்கமில்லாத வெள்ளைப் பெயின்ற். பெயின்ற் அடிக்க முதலும் பிறகும் போனில் லக்ஸ் (நம் கண்ணுக்குப் படும் வெளிச்சத்தின் அளவு) பார்த்தேன். மூலைகளில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. சலாதுக்கு இலை மட்டத்தில் 15,000 லக்ஸ் அளவில் இருந்தால் வெள்ளை எல்.ஈ.டி.க்கு ஏறத்தாழ 200 மைக்ரோமோல் வரும் (செடிக்குப் பயன்படும் ஒளி ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு எவ்வளவு விழுகிறது என்ற அளவு). அதை 16 மணித்தியாலம் கொடுத்தால் போதும். போன் அளவு துல்லியமில்லை, ஆனாலும் கண்ணை நம்புவதைவிடத் திறம். அறைக்குள் நமக்குக் கண் கூசுகிற வெளிச்சம் செடிக்கு அந்திப் பொழுது மாதிரித்தான்.

நாற்று நூல் போல நீண்டு சரிந்தால் லைற் தூரம் என்று அர்த்தம். ரியூப்பை இலையிலிருந்து ஒரு சாணுக்குள் இறக்குங்கள். இதற்காகத்தான் நான் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

(கோண்டாவில்)
வெளியில் வெயில் கொட்டிக் கிடக்க வீட்டுக்குள் லைற் போடுகிறவன் என்று அம்மம்மா எனக்குப் பட்டமே வைத்துவிட்டா. அவவுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: சித்திரை வெயிலில் சலாது கசந்து பூத்துவிடும், மாரியில் நத்தை மிச்சம் வைக்காது.

நல்லூர்க்காரர் சூட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எங்கள் ஊரில் அதுதான் பெரிய தலையிடி. லைற்றைப் பகலில் போட்டால் அறைச் சூடும் பெட்டிச் சூடும் சேர்ந்து கரைசல் 30 பாகையைத் தொடும். 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடித்து வைக்கும். 30இல் அது ஏழரைக்கு இறங்கிவிடும். வேர் பழுப்பாகிக் கொழகொழத்தால் உரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள், ஒட்சிசன் போதுமா என்று பாருங்கள். நான் மாலை ஆறு மணிக்குப் போட்டு, அடுத்த நாள் காலை பத்துக்கு நிறுத்துகிறேன். ட்ரைவர் (வீட்டுக் கரண்டை எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி மாற்றும் பகுதி) தனியாக வரும் லைற் என்றால் அதைப் பெட்டிக்கு வெளியே பூட்டுங்கள். சூட்டில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

ரைமர் வாங்கும்போது பற்றரி உள்ள டிஜிற்றல் ரைமராகப் பாருங்கள். முள் சுற்றுகிற வகை கரண்ட் போனால் நின்று, வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். 2022 மின்வெட்டுக் காலத்தில் எங்கள் வீட்டுச் செடிக்கு இரவு எது பகல் எது என்றே தெரியவில்லை.

(சாவகச்சேரி)
பில்லையும் பாருங்கோ. நல்லூர்க்காரரின் நான்கு ரியூப்பும் சேர்ந்து 36 வாட், 16 மணித்தியாலம் என்றால் மாதம் 17 அலகுக்கு மேல் வரும். நீங்கள் ஏற்கெனவே 50 அலகு எரிப்பவர் என்றால் 60ஐத் தாண்டிவிடுவீர்கள். அதற்கு மேல் கட்டணப் படி வேறு. நான் சலாதைக் குறைத்து, கொஞ்ச வெளிச்சத்தில் சமாளிக்கிற புதினாவுக்கு மாறிவிட்டேன். இரண்டு ரியூப்பிலேயே இடியப்பச் சொதிக்குப் போதிய இலை கிடைக்கிறது.

இன்னொன்று, தண்ணீருக்கு மேல் 230 வோல்ற் தொங்குகிறது. வயரை பிளக்குக்கு நேரே கொண்டுபோகாமல், ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றுங்கள். வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டில் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் ரெஸ்ற் பட்டனை அமத்திப் பார்த்துவிட்டே பெட்டியைப் பூட்டுங்கள்.