இரவில் கடல்மேல் உள்ள தாழ்முகில்கள் செயற்கைக்கோளுக்குத் தெரியாதா?

கேள்வி:
பெரு, நமீபியா, கலிபோர்னியா கரையோரக் கடல்களில் படரும் தாழ்முகில் அடுக்குகள் பகல்நேரப் படங்களில் வெண்மையாகத் தெரிகின்றன. ஆனால் இரவுநேர அகச்சிவப்புப் படங்களில் அதே இடம் வெறுங்கடலைப் போலவே இருக்கிறது. முகில் கலைந்துவிடுகிறதா, கருவிக்குப் புலப்படவில்லையா?

மறுமொழி 1:
கலைவதில்லை, இவை பெரும்பாலும் விடியலுக்கு முன்புதான் மிகவும் தடிக்கின்றன. முகிலின் உச்சி ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்திலேயே இருப்பதால், அதன் வெப்பநிலை கடற்பரப்பின் வெப்பநிலையிலிருந்து சில பாகைகளே வேறுபடுகிறது. எனவே 11 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். நீர்த்துளிகள் 3.9 மைக்ரோமீட்டரில் சற்றுக் குறைந்த திறனுடன் கதிர்வீசுவதால், இரண்டு அளவீடுகளின் வேறுபாட்டைப் படமாக்கினால் முகில் தனித்துத் தெரியும்.

மறுமொழி 2:
மேலுள்ள விளக்கம் சரியே. ஆனால் என் பார்வையில் உயரத்தைக் கணிப்பதே பெரிய சிக்கல். உச்சியின் வெப்பநிலையைக் கொண்டே உயரம் கணிக்கப்படுகிறது; முகிலுக்கு மேலே காற்று திடீரென வெப்பமடைவதால் ஒரே வெப்பநிலை இரு வேறு உயரங்களில் அமையக்கூடும். அப்போது கணிப்புமுறை தவறி, உச்சியை மிக உயரத்தில் காட்டிவிடும். 2006இல் ஏவப்பட்ட காலிப்சோ செயற்கைக்கோளின் லேசர் கருவி உயரத்தை நேரடியாக அளந்தது. அதனுடனேயே ஏவப்பட்ட கிளவுட்சாட்டின் ரேடாரோ, கடற்பரப்பின் வலுவான எதிரொலியால் கீழ்மட்ட முகில்கள் பலவற்றைத் தவறவிட்டது.

கேட்டவர்:
நன்றி. நுண்ணலைக் கருவிகள் உதவுமா?

மறுமொழி 2:
உதவும். நுண்ணலையில் கடல் குறைவாகவே கதிர்வீசுவதால், அதன்மேல் முகில்நீர் இரவிலும் பகலிலும் தெரியும். ஆனால் உயரம் கிடைக்காது, ஒவ்வொரு படப்புள்ளியும் அடக்கும் பரப்பும் மிகப் பெரியது.