புதுப்பிப்பு: செய்முறைப் பயிற்சிக்குப் போய் வந்தேன்

வார்டு மருத்துவராக இருந்தும் பல வருடங்களாக சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போடாததால் கை தயங்குகிறது, பயிற்சிக்குப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன், நல்ல முடிவு.

லைன் போட ஊசி குத்தும்போது, அல்ட்ராசவுண்டில் சிரையைக் குறுக்குவெட்டாகப் பார்க்கையில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஊசியின் முனைதான் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அது தண்டின் நடுப்பகுதியாகவும் இருக்கலாம். முனை அதற்குள் சிரையின் பின்சுவரைத் தாண்டியிருக்கலாம்! புரோபை (தோல்மேல் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை) முன்னே நகர்த்திப் புள்ளி மறைகிறதா என்று பார்த்து, பிறகுதான் ஊசியைச் செலுத்த வேண்டும். மாதிரி உடலில் இதையே திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் கை பழகியது.

நெஞ்சில் நீர் எடுப்பது சுலபமாக வந்தது: விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டிக் குத்தினால் மேலேயுள்ள விலா எலும்பின் கீழ்விளிம்பில் ஓடும் ரத்தக்குழாய் தப்பும். அப்புறம், லைன் போடும்போது கைடுவயரை, அதாவது குழாயை வழிநடத்தச் சிரைக்குள் விடும் மெல்லிய கம்பியை, பிடித்த பிடியை விடவே கூடாது.

வார்டில் முதல் 5 லைன்களை மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போடப்போகிறேன்.