மறு: சார்கோபீனியாவுக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்குள் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

தாராவி முதியோர் முகாமின் துண்டறிக்கை வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. வயதாக ஆக ஹார்மோன்கள் குறைவது, சர்க்கரை, எலும்புப்புரை எல்லாம் எழுதியாயிற்று. வயதாக ஆகத் தசையும் அதன் வலுவும் குறைவதைச் சொல்லும் சார்கோபீனியா என்ற இந்த ஒரு சொல்லுக்காக நாலாம் பத்தி நிற்கிறது.

> பீனியா என்றால் கிரேக்கத்தில் வறுமை. வறுமை, வறட்சி, வற்றல் எல்லாம் 'வறு' என்ற ஒரே வேர். ஊன்வற்றல் என்க.

ஐயா, 1989இல் இர்வின் ரோசன்பர்க் சதை, வறுமை என்ற இரு கிரேக்கச் சொற்களைக் கோத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். உங்கள் வேர் அழகாகப் பொருந்துகிறது. 'தன்னூன்' என்று குறளிலும் இருக்கிறது. ஆனால் தாராவியில் வற்றல் என்றால் சுண்டைவற்றல்தான்.

> சதை கொச்சை. தசை என்றே எழுதுக.

கொச்சை இல்லை அக்கா. விசிறி சிவிறி ஆனதுபோல எழுத்து நிலைமாறியது, அவ்வளவுதான். இருந்தாலும் 'சதை போட்டிருக்கு' என்றால் நம்மவர்களுக்குப் பருமன்தான் நினைவுக்கு வரும். அதனால் என் ஓட்டும் தசைக்கே.

> தசைமெலிவு போதுமே, எல்லோருக்கும் புரியும்.

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. தொண்ணூறு அடிச் சாலையில் இருக்கும் என் அத்தைக்குப் பருத்த உடம்பு. பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்தி, ஒருமுறை முன்னால் ஆடி, அப்புறம்தான் எழுகிறார். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கப் பேரன் வர வேண்டும். 'மெலிவு' என்று அச்சடித்தால், "எனக்கென்ன, நான் மெலியவா செஞ்சேன்?" என்று தாளை மடித்து வைத்துவிடுவார். கொழுப்புக்குள்ளே தசை குறைவது வெளியே தெரியாது. சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அது குறைந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்பது கடினம். முகாமில் முதலில் பார்க்கப்போவதும் வலுவைத்தான். கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆகிறதா, கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருக்கிறதா என்பது சார்கோபீனியாவுக்கான ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகோல்.

தசைச்சிதைவு வேண்டாம். அது பரம்பரையாக வரும் வேறு நோய்க்கு ஏற்கெனவே வழங்குகிறது. ஆகவே என் பரிந்துரை தசைநலிவு. நலிவு பருத்தவருக்கும் பொருந்தும், ஒல்லியானவருக்கும் பொருந்தும்.



மாட்டுங்காவிலிருந்து, அன்புடன்.

---

மறு:

தசைநலிவு எனக்குச் சம்மதம். ஆனால் மருத்துவர்களான நாங்கள் மருந்துச் சீட்டில் சார்கோபீனியா என்றுதான் எழுதுகிறோம். பக்கத்திலேயே அதையும் தமிழ் எழுத்தில் போடுங்கள். சீட்டைப் படித்துக் காட்டும் பேரப்பிள்ளைக்கு இரண்டும் ஒன்று என்று தெரிய வேண்டும்.

---

மறு:

நலிவு என்பது நோய் தரும் துன்பம். குறைவதை அது சொல்லவில்லை. அவசரம் என்பதால் அறிக்கையில் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. கலைச்சொல் பட்டியலில் ஊன்வற்றலை நீக்க வேண்டாம்.