ராத்திரி 7 மணி ஆனால் வைஃபை செத்துவிடுகிறது, புது ரவுட்டர் வாங்கலாமா?

திருநகர்வாசி:
வணக்கம். மதுரையில் எங்கள் வீடு, கீழே நாங்கள், மாடியில் தம்பி. ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் பிளான். பகலெல்லாம் ஒரு குறையும் இல்லை. ராத்திரி 7 மணி தாண்டினால் ஃபோனில் வைஃபை கோடு முழுசாகத் தெரியும், ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்று வரும். ரவுட்டரை அணைத்துப் போட்டால் பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் பழைய கதைதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலிருந்தே இந்தக் கூத்து. கம்பெனி ஆள் இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் மத்தியானம். வேகம் 96 காட்டியது, கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ராத்திரி எல்லாரும் படம் பாக்குறாங்க சார், லோடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு 8:30க்கு ஆபீஸ் மீட்டிங், தினமும் மானம் போகிறது. நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு ரவுட்டர் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கினால் சரியாகுமா?

பழையகம்பி:
வாங்காதீங்க, பொறுங்க. கோளாறு வைஃபையிலா, வீட்டுக்கு வரும் லைனிலா என்று தெரியாமல் காசைப் போட்டால் அதே பிரச்சினை புதுப் பெட்டியில் ஓடும். ராத்திரி நெட் போகும் நேரத்தில் லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேராகச் சொருகுங்கள், வைஃபையை அணைத்துவிடுங்கள். லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் ஜன்னல் திறந்து ஒன்றில் 192.168.1.1 (ரவுட்டரின் முகவரி), இன்னொன்றில் 8.8.8.8 (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்) என்று தொடர்ந்து பிங் போட்டு, பதில் வருகிறதா என்று பாருங்கள். கேபிளில் நன்றாக ஓடி ஃபோனில் மட்டும் போனால் வைஃபை கோளாறு. கேபிளிலேயே முதலாவது ஓடி இரண்டாவது நின்றால் பெரும்பாலும் லைன். முதலாவதே நின்றால் வீட்டுக்குள்தான் ஏதோ. ஃபைபர் பெட்டியில், அதாவது கம்பெனி கொடுத்த ரவுட்டரில், எல்ஓஎஸ் விளக்கு (ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிகிறதா என்றும் பாருங்கள். பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஆப்டிக்கல் பவர் (ஃபைபரில் வரும் ஒளியின் அளவு) இருக்கும்; மைனஸ் 27க்குக் கிட்டே போனால் ஒளி ரொம்பக் குறைவு, கம்பி எங்கேயோ மடங்கியிருக்கலாம். சோபாவுக்குப் பின்னால் அந்த மெல்லிசு மஞ்சள் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள், நம் வீடுகளில் அதுதான் வழக்கம்.

கோவைக்காரி:
எனக்கு இது நெரிசல் போலத் தெரிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். ராத்திரி அக்கம்பக்கத்து வீடு எல்லாம் அதிலேயே வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? சேனலை ஆட்டோவில் விடாமல் காலியாக இருப்பதில் நிறுத்துங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், ஆனால் அது காங்கிரீட் தளம் தாண்டி மாடிக்குப் போகத் திணறும். ரவுட்டர் எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டில் ஒரு வருஷம் இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு நெட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

திருநகர்வாசி:
பீரோ இல்லை மேடம், ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், திறந்த இடம்தான். சேனல் 11 வைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை.

நேற்று பழையகம்பி சார் சொன்னபடி செய்தேன். கேபிளில் போட்டும் போகிறது. 8.8.8.8 சுத்தமாக நின்றுவிட்டது, 192.168.1.1 மட்டும் பதில் தந்துகொண்டே இருந்தது, நடுநடுவே ஒன்றிரண்டு விட்டுப்போனது. சிவப்பு விளக்கு இல்லை, பவர் மைனஸ் 19. அப்போ லைன்தானே என்று கம்பெனிக்கு மறுபடி புகார் போட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயம் பயமாக இருக்கிறது. அந்தப் பவரை 6 மணிக்குப் பார்த்தபோது ஃபைபர் பெட்டியின் பக்கம் வந்தது. 8 மணிக்கு அதே 192.168.1.1ஐத் திறந்தால் நீல நிறத்தில் வேறு ஏதோ கம்பெனி பக்கம், என் பாஸ்வேர்டையும் ஏற்கவில்லை. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா? வைஃபை பாஸ்வேர்டை உடனே மாற்றிவிட்டேன்.

பழையகம்பி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அண்ணே! திருடன் எல்லாம் இல்லை. வீட்டில் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. தம்பியைக் கேளுங்கள்.

திருநகர்வாசி:
கேட்டேன். இருக்கிறது. ஃபைபர் வருவதற்கு முன்னால் இருந்த பழைய ரவுட்டர். மாடியில் சிக்னல் குறைவு என்று போன மாசம் அவனே படிக்கட்டு ஜன்னல் வழியாகக் கேபிள் இழுத்துச் சொருகியிருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடியில் அவன் டிவி இருக்கும் அதே ஸ்விட்ச் போர்டில். ஆபீஸ் விட்டு 7 மணிக்கு வந்து ஸ்விட்சைப் போடுவான், படுக்கும்போது அணைப்பான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பான். அதைத் தூக்கி எறியச் சொல்லிவிடவா?

பழையகம்பி:
எறிய வேண்டாம், அதை வைத்தே மாடிக்கு நல்ல சிக்னல் கொடுக்கலாம். நடந்தது இதுதான். இரண்டு பெட்டிக்கும் முகவரி ஒன்றே, 192.168.1.1. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அது போக இரண்டுமே டிஹெச்சிபி (தானாக முகவரி கொடுக்கும் வசதி) மூலம் ஃபோன்களுக்கு ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் லேப்டாப் மாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டால் பிங் பதில் வரும், ஆனால் அதற்கு வெளியே போக வழி கிடையாது. நான் 'லைன்' என்று சொன்ன சோதனை உங்களை ஏமாற்றியதும் அதனால்தான்.

மாடிப் பெட்டியை ஃபைபர் பெட்டியிலிருந்து முழுசாகக் கழற்றி, லேப்டாப்பை அதோடு மட்டும் சொருகுங்கள். பாஸ்வேர்டு மறந்திருந்தால் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் ஊக்கு விட்டுப் பத்து வினாடி அழுத்துங்கள். முதலில் அதன் லேன் ஐபியை (வீட்டுக்குள் அதன் முகவரியை) 192.168.1.2 என்று மாற்றுங்கள், அது திரும்ப எழுந்ததும் அந்தப் புது முகவரியில் நுழைந்து டிஹெச்சிபியை அணையுங்கள். இந்த வரிசை முக்கியம், டிஹெச்சிபியை முதலில் அணைத்தால் உள்ளே நுழையவே முடியாமல் திண்டாடுவீர்கள். கீழே இருந்து வரும் கேபிளை அதன் லேன் ஓட்டையில் சொருகுங்கள், WAN என்று எழுதிய, வெளி லைனுக்கான ஓட்டையில் வேண்டாம். ஃபைபர் பெட்டி ஐபி கொடுப்பது 192.168.1.10இலிருந்து தொடங்கும்படி வைத்தால் அந்த 192.168.1.2 வேறு யாருக்கும் போகாது.

கோவைக்காரி:
அப்படியே மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள். சேனல் மட்டும் கீழே 11 என்றால் மாடியில் 1. நெரிசல் என்று நான் சொன்னது இந்த முறை பொய்த்துவிட்டது, பரவாயில்லை.

திருநகர்வாசி:
மூன்று நாளாகிவிட்டது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. தம்பிக்கும் மாடியில் கோடு முழுசாக வருகிறது. கம்பெனியிலிருந்து ஆள் இன்றைக்குத்தான் வந்தார், இந்த முறையும் மத்தியானம். வேகம் பார்த்தார், 96. "லோடு குறைஞ்சிருச்சு சார்" என்றார்.