சர்வதேசச் செய்திகளுக்கு ஒரே தளம் என்றால் எது?

ஹட்டன் ஆசிரியர்:
வணக்கம். ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கிறேன். திங்கட்கிழமைகளில் முதற் பாடவேளையை உலக நடப்புகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். சென்ற வாரம் ஒரு மாணவி செங்கடல் நிலைமை பற்றி மூன்று தளங்களிலிருந்து குறிப்பெடுத்து வந்தார். மூன்றிலும் முதற் பந்தி சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருந்தது. "சேர், இதில் யார் யாரைப் பார்த்து எழுதியது?" என்று கேட்டார். அவருடைய லய வீட்டில் வாசற்படியில் மட்டுமே சிக்னல் கிடைக்கும். ரீலோட் போடுவதும் கணக்குப் பார்த்துத்தான். எந்தத் தளத்தைச் சொல்வது?

நுவரெலியா வாசகர்:
ஆசிரியருக்கு வணக்கம். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதாக இருக்காது. மூவரும் ஒரே செய்தி முகவரகத்திடம் வாங்கியிருப்பார்கள். 1846இல் நியூயோர்க்கில் பத்திரிகைகள் கூடி ஆரம்பித்த அசோசியேட்டட் பிரஸ், 1851இல் லண்டனில் தொடங்கிய ரொய்ட்டர்ஸ், 1944 முதல் இன்றைய பெயரில் இயங்கும் பிரான்ஸின் ஏஎஃப்பி ஆகிய மூன்றுமே உலகச் செய்திகளில் பெரும்பகுதியை வழங்குகின்றன. செய்தியின் தலைப்பிலோ அடியிலோ முகவரகத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். ஊற்றுக்கே போகலாம் என்பது என் கருத்து. ரொய்ட்டர்ஸ் இப்போது சந்தா கேட்கிறது. அசோசியேட்டட் பிரஸ் தளத்தை இலவசமாக வாசிக்கலாம்.

பண்டாரவளை வாசகர்:
முகவரகம் நடந்ததைச் சொல்லும். அது நம் வாசலுக்கு எப்படி வந்து சேரும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. 2023இன் இறுதியில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்தேன். சுயஸ் கால்வாய் வழியாகத் துருக்கிக்கும் லிபியாவுக்கும் போக வேண்டிய தேயிலைப் பெட்டிகள் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும் என்பதை அல் ஜசீராவின் வரைபடத்தைப் பார்த்த பிறகே விளங்கிக்கொண்டேன். ஆனால் 1996இல் தோன்றிய அந்நிறுவனம் கட்டார் அரசின் பணத்தில் நடப்பது. கட்டாரைப் பற்றி அறிய வேண்டுமெனில் வேறிடம் பாருங்கள். தமிழில் என்றால் பிபிசி இருக்கிறது. 1941இல் தொடங்கிய அதன் தமிழ் வானொலியை என் தந்தையார் சிற்றலையில் காதை ஒட்டவைத்துக் கேட்பார். 2017இல் அது நின்றுபோனது, இணையத்தளம் தொடர்கிறது. எனினும் அதில் இந்தியச் செய்திகளே மிகுதி என்பது என் குறை.

தலவாக்கலை வாசகர்:
சிக்னல் குறைவு என்பதை எவரும் கவனிக்கவில்லையே. அமெரிக்க ஊடகங்களான என்பிஆர், சிஎன்என் ஆகிய இரண்டுக்கும் படங்களற்ற, எழுத்து மட்டும் உள்ள பக்கங்கள் உண்டு. வாசற்படிச் சிக்னலிலும் அவை உடனே திறந்துவிடும். ரீலோட் காசும் மிச்சம். இரண்டும் அமெரிக்கப் பார்வை என்பதை மட்டும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஹட்டன் ஆசிரியர்:
மூவருக்கும் நன்றி. அந்த மூன்று குறிப்புகளையும் இப்போது எடுத்துப் பார்த்தேன். மூன்றின் அடியிலும் ஏஎஃப்பி என்றே இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை அசோசியேட்டட் பிரஸ் செய்தி ஒன்றையும், அதே நிகழ்வைப் பற்றிய அல் ஜசீரா கட்டுரையையும் அச்செடுத்துக் கொண்டுபோகிறேன். அந்த எழுத்துப் பக்கங்களின் முகவரியைத் தலவாக்கலை அன்பர் இங்கே இட முடியுமா?