புதுப்பிப்பு: சித்தப்பாவின் கோப்பு மறுபடி திறந்தது

டொராண்டோவில் காணாமல் போன சித்தப்பாவின் வழக்கை மீண்டும் திறக்க வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். திறந்துவிட்டார்கள்.

பழைய கோப்பில் பெயரே பிழை. தகப்பன் பெயரையும் சொந்தப் பெயரையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருடம் யாரைத் தேடினார்களோ!

அப்புறம், டிஎன்ஏ. கனடாவில் 2018 முதல் இதற்கென்று தேசியத் திட்டம் இருக்கிறது; உறவினரின் மாதிரியை அடையாளம் தெரியாத உடல்களின் பதிவோடு ஒப்பிடுவார்கள். விசாரணை அதிகாரி வழியாகத்தான் கொடுக்கலாம். அகதியாக வந்தவர்களுக்கு இதெல்லாம் பயம்தான். ஆனால் அந்த மாதிரியைக் குற்ற வழக்குப் பதிவுகளோடு ஒப்பிடச் சட்டம் இடம் கொடுக்காது.

அப்பம்மா சம்மதித்துக் கையெழுத்தும் போட்டார். படிவத்திலிருந்த 'உடல்' என்ற சொல்லை மட்டும் நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.