திகில் குறும்படத்துக்குக் கோமாளி வேஷம்: எடுத்தவர்கள், போட்டவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மஞ்சள்விளக்கு

யாரிடமும் சொன்னதில்லை, இங்கே கொட்டிவிடுகிறேன். 2016 அக்டோபர், லண்டன் ஹாரோ. ஏ.எஸ். மீடியா ஸ்டடீஸ் (இங்கே பள்ளி மேல்வகுப்பில் எடுக்கும் ஊடகப் பாடம்) படித்தவர்களுக்கு அந்த வேலை தெரிந்திருக்கும்: ஒரு புதுப் படத்தின் தொடக்கம், டைட்டிலையும் சேர்த்து அதிகபட்சம் இரண்டு நிமிடம். வகுப்பில் முக்கால்வாசிக் குழுக்கள் திகில்தான். நாங்கள் கோமாளி.

பதினெட்டுக் கட்டத்தில் ஸ்டோரிபோர்டு வரைந்தது நான். பலூன், கை ஒடிந்த பொம்மை, கண்ணுக்கு ஒரு குளோசப், கடைசியில் கத்தி. படப்பிடிப்பில் என்னென்ன ஆபத்து வரலாம் என்று எழுதிக் கொடுக்கும் ரிஸ்க் அசெஸ்மென்ட் தாளில் கத்தியைப் பார்த்ததும் ஆசிரியர் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார். படமே போச்சு என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். ஆகஸ்டில் அமெரிக்காவில், தென் கரோலினாவின் கிரீன்வில்லில், காட்டோரம் நின்று கோமாளிகள் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிய பேச்சு, அக்டோபரில் எங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டது. மெக்டொனால்ட்ஸே தன் கோமாளியை வெளியே அனுப்புவதைக் குறைத்துக்கொண்ட நேரம். நாங்களோ செப்டம்பரிலேயே வேஷத்துக்குக் காசு கட்டிவிட்டோம்.

ஆறரை மணிக்கெல்லாம் இருட்டு. ஒரு முட்டுச்சந்து, அதன் முனையில் பழைய சோடியம் விளக்கு. அந்த மஞ்சளில் வேறு நிறமே தெரியாது. அது எங்களுக்கு அதுவரை தெரியவில்லை. ஒரு மணி நேரம் மெனக்கெட்டுப் பூசிய சிவப்பு உதடும் சிவப்பு மூக்கும் விளக்குக்குக் கீழே போனதும் கறுப்பாகிவிட்டன. வெள்ளை முகத்தில் ஓட்டை விழுந்த மாதிரி. "வாவ்" என்றான் கேமரா பிடித்தவன். நண்பன் அசையாமல் நின்றான், ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

சந்துக்குள் ஒரு அம்மா வந்தார். ஒரு கையில் பால் கேன், இன்னொரு கையில் ஆறேழு வயதுப் பிள்ளை. எங்கள் மூவரையும் அவர் பார்க்கவில்லை, காருக்குப் பின்னால் இருந்தோம். அவனை மட்டும் பார்த்தார். நின்றார். பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று நல்லெண்ணத்தில் என் நண்பன் மெல்லக் கையை உயர்த்தி ஆட்டினான்.

அவர் கத்தவில்லை. பால் கேனைக் கீழே வைத்தார். போடவில்லை, வைத்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முதுகைக் காட்டாமல், பின்னாலேயே நடந்து போனார். நாங்கள் எழுந்து "படம் எடுக்கிறோம், மன்னிக்கணும்" என்று கத்திக்கொண்டு ஓடியது இன்னும் மோசமாகிவிட்டது. இருட்டிலிருந்து மூன்று பேர் ஓடி வந்தால் யார் நிற்பார்கள்?

அந்தப் பதிவை அன்றைக்கே அழித்துவிட்டேன். ஆனால் அடுத்த வாரம் ஸ்டோரிபோர்டைத் திருத்தினேன். பலூன் போயிற்று, பொம்மை போயிற்று. கத்திக்குப் பதில் மெல்லக் கையாட்டுதல். நல்ல மதிப்பெண். "இந்த யோசனை எங்கிருந்து வந்தது?" என்று மதிப்பீட்டில் கேட்டிருந்தார்கள். பார்வையாளர் ஆய்வு என்று எழுதினேன்.

பபூன்பேரன்

அண்ணா, உங்களுக்குக் கையாட்டுதல் என்றால் எனக்கு ஒரு இடைவெளி.

விஸ்காம் மூன்றாம் ஆண்டு, புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரிலேயே எடுத்தேன். தாத்தா ஸ்பெஷல் நாடகத்தில் பபூன். வள்ளி திருமணம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் முதலில் மேடைக்கு வருகிறவர் அவர்தான். கூட்டத்தைச் சிரிக்க வைத்து உட்கார வைக்கிற வேலை. அவருடைய ஒப்பனை ரோஸ் பவுடர், மை, அவ்வளவுதான். நான்தான் வெளிநாட்டுக் கோமாளி மாதிரி முகம் முழுக்க வெள்ளை பூசிவிட்டேன். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "எடுத்து வச்ச பொணம் மாதிரி இருக்கேடா" என்றார்.

பயமுறுத்துகிற மாதிரி ஏதாவது செய்யச் சொன்னேன். அவருக்கு வரவில்லை. ராத்திரி ஒரு மணி, பள்ளிக்கூட மைதானம், ஆள் கிடையாது. சரி, தெரிந்ததையே செய்யுங்கள் என்றேன். மேடையில் நாற்பது வருடம் பேசிய அதே பேச்சை ஆரம்பித்தார். ஒரு நக்கல் அடிப்பார், ஜனம் சிரிக்கும் நேரத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். அது அவர் உடம்பில் ஊறிப்போன கணக்கு. யாரும் இல்லாத மைதானத்திலும் அந்த நேரத்தை விட்டார். வெள்ளை முகம், வாய் பாதி திறந்து, சிரிப்பு வரட்டும் என்று காத்திருந்தது. தவளைச் சத்தம் மட்டும். அப்புறம், சிரிப்பு வந்துவிட்டதைப் போலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நக்கலுக்குப் போனார்.

எனக்குக் கை நடுங்கியது. படத்தில் அது தெரியும்.

"இதில் ஜம்ப் ஸ்கேர் எங்கே?" என்றார் வழிகாட்டி. கடைசியில் அந்த ஷாட்டைத் தூக்கிவிட்டு, சன்னலில் முகம் திடீரென்று வருவதைப் போட்டேன். தாத்தா இப்போது இல்லை. அந்தப் பதிவு இருக்கிறது. வீட்டில் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை.

சேலத்துக்காரன்

பபூன்பேரன் எழுதியது மனதைத் தொட்டது, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கோமாளியைப் பார்த்துப் பயப்படுவது நம்முடையதே இல்லை. கூத்தில் கட்டியங்காரன், சர்க்கஸில் ஜோக்கர், எல்லாரிடமும் பிள்ளைகள் ஓடித்தான் போயிருக்கிறோம். அமெரிக்காவில் பிறந்தநாள் விழாவுக்குக் கோமாளி வேஷம் போட்டுப் போன கேசி என்பவன் 33 பேரைக் கொன்றவன் என்று தெரியவந்தது. 1978இல் பிடித்தார்கள், 1994இல் தண்டனையை நிறைவேற்றினார்கள். அவர்களுக்குப் பயம் வருவதில் நியாயம் இருக்கிறது. நம் மாணவர்கள் ஏன் அதைக் காப்பி அடிக்க வேண்டும்? பேய் வேண்டுமென்றால் ஊரில் புளியமரம் இல்லையா?

என் அனுபவம் என்று கேட்டால், நானும் கல்லூரியில் ஒரு கோமாளிப் படத்தில் நடித்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

பபூன்பேரன்

சேலத்துக்காரருக்கு: 1989இல் வந்த அபூர்வ சகோதரர்களில் அப்பு யார்? சர்க்கஸ் கோமாளி. ஒவ்வொருவராகத் திட்டம் போட்டுக் கொல்கிறவனும் அவன்தான். தமிழ்நாடே பார்த்தது. அது எந்த நாட்டுப் பயம்?

சேலத்துக்காரன்

அப்புவைப் பார்த்து யாரும் பயப்படவில்லை தம்பி, கைதட்டினோம். நான் சொல்வதும் அதுதானே.

லைட்மேன்_முன்னாள்

இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். என் கதை சின்னது: சென்னையில் மே மாதம், மொட்டை மாடி, பகலில் எடுத்து இரவாக மாற்றலாம் என்று ஒரு அறிவாளி இயக்குநர். கோமாளி முகம் பதினைந்து நிமிடத்தில் உருகிக் கழுத்துக்கு வந்துவிட்டது. பையன் கண்ணில் போய் எரிந்து, கண்ணைத் திறக்க முடியாமல் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். வழுவழு என்று இருந்த அந்தப் பிடி இன்னும் கையில் இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் இனி எடுக்கப்போகிறவர்கள் இதைக் கேளுங்கள். வெள்ளையை ஒரே பூச்சாக அப்பாதீர்கள். மெல்லிசாக இரண்டு முறை பூசி, மேலே பவுடர் தட்டி நிறுத்துங்கள். பையனுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதல் நாளே முழங்கைக்குள் தடவிப் பாருங்கள். நைலான் விக்கைப் போட்டுக்கொண்டு மெழுகுவர்த்திப் பக்கம் போகவே கூடாது, நொடியில் பிடித்துக்கொள்ளும்.

கேமராவைத் தானியங்கி (ஆட்டோ) மோடில் விட்டால், இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளை முகம் வெளிறிப்போய்த் தட்டு மாதிரி ஆகிவிடும். முகத்தைப் பார்த்து வெளிச்ச அளவை வையுங்கள், சுற்றுப்புறம் இருட்டாகப் போனால் போகட்டும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் தெருவிளக்கு மினுக்காது. கும்மிருட்டு வரக் காத்திருக்காதீர்கள். சூரியன் மறைந்த பின் இருபது நிமிடம் வானத்தில் ஒரு நீலம் நிற்கும், ஆள் நிழலுருவாகத் தெரிவான், ஐஎஸ்ஓவும் (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறாது, படத்தில் புள்ளி புள்ளியாக வராது. ஆனால் அந்த இருபது நிமிடத்துக்குப் பகல் முழுக்க ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

ஒலிதான் பாதிப் படம். பலூனை விரலால் தேய்த்து மைக் பக்கத்தில் பதிவுசெய்து, பாதி வேகத்தில் ஓட்டுங்கள். யாரோ முனகுகிற மாதிரி வரும். சாவி கொடுக்கிற பொம்மைப் பெட்டிச் சங்கீதம் வேண்டாம், ஆயிரம் பேர் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். டைட்டிலைக் கடைசியில் ஒட்டாமல், ஷாட் எடுக்கும்போதே அதற்குக் காலி இடம் விடுங்கள். இரண்டு நிமிடத்தில் முதல் ஒரு நிமிடம் கோமாளியைக் காட்டவே வேண்டாம். ஷூ போதும்.

அப்புறம் மஞ்சள்விளக்கு தம்பி, பொது இடம் என்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சந்தின் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்த வேண்டும். நீங்கள் செய்யவில்லை என்றே தெரிகிறது.

மஞ்சள்விளக்கு

அண்ணா, படம் எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. ஷட்டர் வேகம் இனி எனக்கு உதவாது. சந்து முனையில் ஒருத்தியை நிறுத்தித்தான் இருந்தோம். அவள் குளிருக்குப் பயந்து ஐந்து நிமிடம் கடைக்குள் போனாள். அந்த ஐந்து நிமிடம்தான்.

ஜோயி_தேடியவள்

நானும் அதே பாடம், வேறு பள்ளி, அதற்கு நான்கு வருடம் முன்பு. ஆய்வுக்காகத் தனியாக லண்டன் பென்டன்வில் ரோடு போனேன். அங்கே ஒரு பழைய சர்ச் இடுகாடு, இப்போது பூங்கா. அந்தக் காலத்து ஆங்கில மேடைக் கோமாளி ஜோசப் கிரிமால்டியின் கல்லறை இருக்கிறது. 1778இல் பிறந்து 1837இல் இறந்தவர். வெள்ளை முகத்தில் கன்னத்துக்குச் சிவப்பு பூசும் வழக்கத்தைப் பிரபலமாக்கியவர். கோமாளிகளை ஆங்கிலத்தில் 'ஜோயி' என்பதே அவர் பெயரால்தான். மேடையில் குதித்துக் குதித்து உடம்பு தேய்ந்து, கடைசிக் காலத்தில் நடக்கவே முடியாமல் போனவர்.

கல்லறையைப் படம் எடுக்கத்தான் போனேன். அங்கே தரையில் சவப்பெட்டி வடிவில் வெண்கலத் தகடுகள் பதித்திருக்கிறார்கள், மிதித்தால் ஒலிக்கும். அவர் பாடிய பாட்டின் சுரங்கள் அவை, ஆடினால் பாட்டு வரும் என்று ஏற்பாடு. எனக்கு அது தெரியாது. தூறல். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, ஃபோனைப் பார்த்தபடி நடந்தேன். காலுக்குக் கீழே "டங்" என்றது. அடுத்த அடியில் இன்னொரு "டங்", கொஞ்சம் மேல் சுரத்தில். குனிந்து பார்த்தால் ஒரு சவப்பெட்டியின் நெஞ்சில் நிற்கிறேன்.

அம்மாவுக்கு அழைத்தேன். முதலில் கேட்டது, "செருப்போடயா மிதிச்சே?"

அந்த ஒலியைத்தான் எங்கள் படத்தின் முதல் இருபது நொடிக்குப் போட்டோம், திரை கறுப்பு, ஒலி மட்டும். லைட்மேன் சொல்கிற மாதிரி ஷூவைக்கூடக் காட்டவில்லை. வகுப்பில் போட்டபோது யாரும் பயப்படவில்லை, நான் மட்டும் காதைப் பொத்திக்கொண்டேன்.

சேலத்துக்காரன்

இது நல்ல கதை. இதிலும் பாருங்கள், கோமாளி பயமுறுத்தவில்லை, செத்துப்போனதுதான் பயமுறுத்துகிறது. அம்மா கேட்ட கேள்விதான் நம் ஊர்க் கேள்வி. நான் முதலிலிருந்து சொல்லி வருவது...

ஏழாம்வகுப்பு_இல்லை

நான் இப்போது மீடியா படிக்கிறேன். 2016இல் எனக்கு ஏழு வயது. கோமாளியைப் பார்த்தால் அருகில் போகாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள் என்று பள்ளியில் வீட்டுக்குக் கடிதம் கொடுத்தார்கள். அதுவரை எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கடிதம் வந்த பிறகுதான் சன்னல் திரையை இழுத்து மூடிப் படுக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் நூலகத்திலிருந்து அம்மாவோடு வரும்போது, பஸ் நிறுத்தத்தில் ஒருவர் அந்த வேஷத்தில் உட்கார்ந்திருந்தார். எங்காவது விழாவுக்குப் போகிறவராக இருக்கும், மடியில் டிஃபன் டப்பா இருந்தது. அவரும் கையாட்டினார். மஞ்சள்விளக்கு அண்ணா அந்தக் கையைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கை நினைவில் இல்லை, முகமும் இல்லை. அம்மாவின் பிடி மட்டும்தான். எப்போதும் என் விரலைப் பிடித்து நடப்பவர், அன்றைக்கு மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. அண்ணாந்து பார்த்தால் அவர் அந்த ஆளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நான் எடுக்கப்போகிற தொடக்கத்தில் அந்தச் சிரிப்புதான். கோமாளி பின்னால் மங்கலாக இருப்பார், அவ்வளவுதான்.

மஞ்சள்விளக்கு

எந்த ஊர் என்று கேட்கலாமா?

ஏழாம்வகுப்பு_இல்லை

லெஸ்டர். எங்களிடம் பால் கேன் இல்லை அண்ணா, நூலகப் புத்தகம்தான் இருந்தது.